சாவி யார் இடுப்புல?

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. அந்தக் கம்ப்யூட்டரை ஏந்திக்கிட்டே நின்னா எனக்குக் கழுத்து சுளுக்கிக்கும். காட்டு, இன்னொருக்கா காட்டு பாப்போம். அடேயப்பா! இதுவா நம்ம வேடசந்தூர் ஓட்டுக் கட்டடம்? செவரு பூராவும் மஞ்ச வெளிச்சம். வாசல்ல மூங்கில் தொட்டி. திண்ணையில ஒரு வெள்ளைக்காரப் புள்ள சம்மணம் போட்டு மடியில கம்ப்யூட்டர் வச்சிருக்கு. தாடிக்காரன் ஒருத்தன் கித்தார் வாசிக்கிறான். அவன் காலடியில சடை சடையா ஒரு நாய். ஆத்துமேட்டுலயே பொறந்து நரைச்சுப் போனவன் நான், இந்தச் சாதி நாயைக் கண்ணால கண்டதில்ல. நம்ம நாய்க கறிக்கடை வாசல்ல சோலியா இருந்ததால படத்துக்கு வர முடியலையாக்கும்.

கோவிச்சுக்காத. பெங்களூர்ல அஞ்சு வருசம் கட்டடக்கலை படிச்ச புள்ள, எவனுக்கோ பங்களா கட்டிக் குடுக்காம சொந்த ஊர் பழங்கட்டடத்தை எழுப்பி உக்கார வைக்கணும்னு நெனைக்கிறியே, அதுவே பெரிய காரியம். கிரியேட்டிவ் ஹப் ஆக்குறேங்கிற. ஆக்கு. கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறேங்கிற. குடு. போறதுக்கு முன்ன கெழவன் சொல்றதைக் காதுல வாங்கிட்டுப் போ. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டாலும் சரி, நடுவுல கொஞ்ச நேரம் மண்டையில இருக்குமில்ல.

முதல்ல, ஆபீசர் முன்னால போய் சிங்கப்பூர், பாரிசுன்னு ஆரம்பிக்காத. அவரு சிங்கப்பூருக்கு ஏற்கெனவே சர்க்கார் செலவுல போயிட்டு வந்திருப்பாரு. மெட்ராஸ்ல இருந்து ஆரம்பி. சென்ட்ரல் ஸ்டேசனுக்குப் பக்கத்துல வெள்ளையா ரிப்பன் மாளிகை நிக்குதே, அதை ஒட்டி செவப்பா ஒண்ணு நிக்கும் பாரு, விக்டோரியா பப்ளிக் ஹால். ரயிலுக்கு ஓடுற ஓட்டத்துல முக்காவாசிப் பேரு அதை நிமிந்து பாக்கிறதில்ல. நான் பாத்திருக்கேன். மூட்டை தூக்கினவன் நின்னு மூச்சு வாங்கித்தானே ஆகணும்.

அது எப்படி வந்துச்சு தெரியுமா? 1882ல பட்டணத்துப் பெரிய மனுசங்க கூடி, இம்புட்டுப் பெரிய ஊருக்கு ஒரு டவுன்ஹால் இல்லையேன்னு பேசினாங்க. 1883ல விஜயநகரத்து ஜமீன்தார் அடிக்கல் நாட்டினாரு. ராஜாவும் ஜமீனும் பணம் போட்டாங்க. சிஸம்னு ஒரு வெள்ளைக்காரரு வரைஞ்சாரு, நம்பெருமாள் செட்டியாரு 1888க்கும் 1890க்கும் ஊடால கட்டி முடிச்சாரு. முனிசிபாலிட்டி 57 கிரவுண்டு நிலத்தை 99 வருசக் குத்தகைக்கு விட்டுச்சு. குத்தகை எம்புட்டுங்கிற? வருசத்துக்கு 28 ரூபா. இன்னிக்கு ஆத்துமேட்டுல ரெண்டு பேரு டீ குடிச்சா அம்புட்டுத்தான். கட்டுறதுக்குள்ள அங்கிட்டு லண்டன்ல ராணிக்குப் பொன்விழா வந்துருச்சு. பணம் போட்டவன் எவனெவனோ, பேரு மட்டும் ராணிக்குப் போயிருச்சு. உன் ஹப்புக்கும் நீ பேரு யோசிச்சு வச்சிருப்ப, அதை நல்லா மடிச்சுப் பையில போட்டுக்க. திறப்புவிழா அன்னிக்கு எந்தக் கட்சி ஆட்சியோ அந்தத் தலைவர் பேருதான். இப்பவே மனசத் தேத்திக்கிட்டா அப்பறம் நோகாது.

அந்த மண்டபத்துல நடந்ததைக் கேளு. விவேகானந்தரு 1897ல அங்க பேசினாரு. 1916ல நீதிக் கட்சிக்குப் பிள்ளையார் சுழி போட்ட கூட்டம் அங்கதான் நடந்துச்சு. (அந்த வழியில வந்த கட்சிக்காரங்ககிட்டப் போய் பிள்ளையார் சுழின்னு சொல்லிராத.) ஆடாம அசையாமக் கெடந்த போட்டோ அசைஞ்சு நடந்ததைப் பட்டணத்து சனம் அங்க வாயைப் பொளந்து பாத்துச்சு. எல்லாத்தையும் விட நாடகம். பம்மல் சம்பந்த முதலியாருன்னு ஒருத்தரு, பின்னால வக்கீலாகி ஜட்ஜாவும் ஆனவரு, 1891ல வாலிபப் பயலுகளைச் சேத்து சுகுண விலாச சபைன்னு ஆரம்பிச்சாரு. நாடகம் ஆடுறவனைக் கூத்தாடின்னு வாசப்படிக்கு வெளிய நிறுத்தின காலம் அது. வக்கீலும் குமாஸ்தாவும் பகல்ல கோட்டு மாட்டி, ராத்திரி அரிதாரம் பூசினாங்க. அந்த ஆளுங்க வந்துபோன வரைக்கும் மண்டபத்துல மூச்சு இருந்துச்சு.

அப்பறம் சபை மவுண்ட் ரோட்டுப் பக்கம் போயிருச்சு. சினிமாவுக்குச் சொந்தக் கொட்டகை வந்துருச்சு. மண்டபத்துக்குச் சோலி கொறைஞ்சுது. சோலி இல்லாத கட்டடத்தை என்ன பண்ணுவாங்க, காம்பவுண்டுக்குள்ள ஓட்டலுக்கு வாடகைக்கு விட்டாங்க. 99 வருசக் குத்தகை 1985ல முடிஞ்சுது. இழுபறி, பூட்டு, புறாக்கூடு. வாசல் முன்னாடி மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம். பொறவு மாநகராட்சி 32 கோடிக்கு மேல கணக்குப் போட்டுத் தூக்கி நிறுத்துச்சு. கீழ மியூசியம், மேல கலைநிகழ்ச்சிக் கூடம்னு திட்டம். வாழ்க, நல்லா இருக்கட்டும். ஆனா பேராண்டி, ஒண்ணைக் கவனி. ஓடு ஒழுகினதால ஆளு வராம நிக்கல. ஆளு வராம நின்னதாலதான் ஓடு ஒழுகினது ஒருத்தனுக்கும் தெரியாமப் போச்சு. நீ ஓட்டுக்கு எஸ்டிமேட் போட்டிருக்க, ஆளுக்குப் போடலையே.

மெட்ராஸ் எதுக்கு, நம்ம பக்கத்துலயே வா. டிவி ரூம் தெரியுமா உனக்கு? உனக்கு வெவரம் தெரியுறதுக்குள்ள அது ஆட்டுக்குட்டி ரூம் ஆயிருச்சு. அதுக்கு முன்ன அது பஞ்சாயத்து ரேடியோ ரூம். சாயங்காலமானா கொழாய்ல வயலும் வாழ்வும், சேதி. பொறவு ரேடியோ போய் டிவி வந்துச்சு. ஊரே தெருவுல குந்தி ஒளியும் ஒலியும் பாத்துச்சு. சாவி பஞ்சாயத்து ஆளு இடுப்புல. அவன் பொண்டாட்டியோட சண்டை போட்ட அன்னிக்கு ஊருக்குப் படம் கெடையாது. 2006க்கு அப்பறம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வந்துச்சு, ரூமோட கதை முடிஞ்சுது. அதே சமயத்துல 12,618 ஊராட்சியிலயும் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊருக்கு ஒரு நூலகம்னு கட்டினாங்க. நல்ல யோசனை, நான் கொறை சொல்ல மாட்டேன். கட்டடத்துக்குப் பணம் வந்துச்சு, புத்தகத்துக்கும் வந்துச்சு. நிதம் திறந்து கூட்டிப் பெருக்குறவனுக்கு வந்த காசு அவன் பீடிக்குக் காணாது. எத்தனை ஊர்ல பூட்டுல துரு ஏறிக் கெடக்குன்னு இந்தச் சாலையிலயே பைக்கை விட்டுப் பாத்துட்டு வா. அதுக்குப் படம் வரையத் தேவையில்ல.

இப்ப உன் படத்துக்கு வருவோம். அந்தத் திண்ணை இன்னிக்குச் சும்மாவா கெடக்கு? மனு எழுதிக் குடுக்கிறவரு ஒருத்தரு மடக்கு மேசையோட உக்காந்திருக்காரு. அவருக்கு எந்த ஆபீசுல எந்த மேசைக்கு எந்த பாரம்னு கம்ப்யூட்டரை விட வெவரமாத் தெரியும். தூணுக்கு அந்தப் பக்கம் வடைச்சட்டி. மத்தியானம் எரியோடு பஸ்ஸுக்கும் ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்கும் நிக்கிற பொம்பளைங்க வெயிலுக்கு ஒதுங்குறது அந்த நெழல்லதான். சாயங்காலம் நாலஞ்சு பயலுக டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தை வச்சுக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் கேள்வி கேக்குறாங்க. இவங்கள்ல ஒருத்தரைக்கூட உன் படத்துல காணோமே, எங்கிட்டு அனுப்பின? அழிக்கிறதுக்கு அதுல ஒரு பட்டன் இருக்குமோ? நெசத்துல அழிக்கப் போனா அந்த வடைக்காரம்மா கரண்டியோட வரும், தாத்தா குறுக்க வரமாட்டேன்.

கலைஞருங்க வந்து தங்கி வேலை பாக்குற எடம்னு எழுதியிருக்க. பெங்களூர்ல இருந்தா, பாண்டிச்சேரியில இருந்தா வருவாங்க? வரட்டும், வந்தாரை வாழ வைக்கிற ஊரு இது. வர்றவங்களுக்கு ஏப்ரல் மாசத்துல ஏ.சி. இல்லைன்னா என்ன ஆகும்னு மட்டும் சொல்லி வச்சிரு. நம்ம ஊர்ல இருக்கிற கலைஞனை நீ யோசிச்சியா? சங்கரதாஸ் சுவாமி எழுதின வள்ளி திருமணம் இன்னிக்கும் பங்குனி, சித்திரை ஆனா நம்ம பக்கத்துக் கிராமத்துல விடிய விடிய நடக்குது. அவரு 1922ல பாண்டிச்சேரியில போய்ச் சேந்துட்டாரு, முருகன் இன்னும் வேடன் வேசத்துல தெனைக்காட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கான். மேடையை மட்டும் பாக்காம போன திருவிழால நீ மேடைக்குப் பின்னால போயிருக்கணும். வேப்பங்கொம்புல ஒயரைச் சுத்தி ஒரு டியூப்லைட்டு. வள்ளியா வர்ற பொண்ணு தகரப்பெட்டி மேல உக்காந்து ஒரு கையில கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டு மறு கையால மை தீட்டுது. பூச்சி பறந்து வந்து பவுடர்ல ஒட்டுது, ஊதி ஊதித் தள்ளுது. பின்னால நாலு பயலுக செல்போனைத் தூக்கிப் புடிச்சிருக்கானுங்க. சேலை மாத்த நாலு தென்னந்தட்டி, ஒதுங்க ஒரு எடம் இல்ல. ஆர்மோனியக்காரரு மடியில பெட்டிய வச்சு முதல் பஸ்ஸுக்கு ஆத்துமேட்டுல தூங்கி வழிவாரு. இவங்களுக்கு ஒத்திகைக்கு ஒரு கூடம், பெட்டி வைக்க பூட்டுப் போட்ட ரூம், பொம்பளைங்களுக்குத் தாழ்ப்பாளோட ஒரு கக்கூசு. இதை உன் படத்துல சேரு. உறுமி அடிச்சு தேவராட்டம் ஆடுறவங்க நம்ம சுத்துப்பட்டுலயே இருக்காங்க, அவங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு எடம் குடு. உன் கித்தார்க்காரனும் ஒரு ஓரமா வாசிக்கட்டும், சுருதி சேந்தாச் சரி.

இன்னொரு கூட்டம் இருக்கு. நம்மைச் சுத்தி எம்புட்டு நூல்மில்லு! கம்பெனி பஸ்ஸுல சிப்டுக்குப் போற பொண்ணுங்களைப் பாத்திருப்ப. வார லீவுல அதுங்க போய் உக்கார இந்த ஊர்ல ஒரு எடம் சொல்லு. கோயிலு, ஜவுளிக்கடை, பஸ் ஸ்டாண்டு. பயலுகளுக்காவது பாலத்துச் செவரு இருக்கு. உன் ஹப்புல பொண்ணுங்க பயமில்லாம ரெண்டு மணி நேரம் உக்காந்து படிக்கவோ தைக்கவோ, சும்மா கெக்கலிச்சுச் சிரிக்கவோ முடிஞ்சா, அந்த வெள்ளைக்காரப் புள்ளயை நான் மன்னிச்சிடுறேன்.

செவத்துக்கு வருவோம். எஸ்டிமேட்டுல சிமெண்டுப் பூச்சு, மேல எமல்சன்னு போட்டிருக்கே, நீயா போட்ட, காண்ட்ராக்டரு போட்டானா? பழைய செவரு சுண்ணாம்புச் செவரு. தரையில இருந்து ஏறுற ஈரத்தை அது மெல்ல மெல்ல வெளிய விட்டுரும். வேர்த்த ஒடம்புக்குப் பிளாஸ்டிக் சட்டை மாட்டின மாதிரி நீ சிமெண்டைப் பூசினா, ஈரம் உள்ளயே தங்கும், உப்புப் பூக்கும், பூச்சு பொரிஞ்சு விழும், உள்ள செங்கல் மாவாப் போகும். திறப்புவிழா போட்டோவுல தெரியாது. ரெண்டாவது ஐப்பசியில தெரியும்.

சுண்ணாம்பு எப்படி அரைப்பாங்கன்னு நான் சின்னப் பயலா எடுபிடிக்கு நின்னப்ப பாத்தது. சுட்ட கல்லைத் தொட்டியில கொட்டித் தண்ணி விட்டா கொதகொதன்னு கொதிக்கும், கிட்டப் போனா கண்ணு போயிரும். அது ஆறி, சலிச்சு, மணலோட வட்டக் காடியில போட்டு, மாட்டைக் கட்டிக் கல் உருளையை ஓட விடுவாங்க. அங்கிட்டுப் பானையில கடுக்காயைத் தட்டி வெல்லத்தோட ஊறப்போட்டிருக்கும், நாலு நாள்ல கள்ளு வாடை அடிக்கும். அதைக் குடிச்சுப் பாத்தவனும் உண்டு, பேரு வேண்டாம், ஒறவு. அந்தத் தண்ணியை விட்டு விட்டு அரைக்கணும். கொத்தனாரு ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு விரலுக்கு ஊடால தேச்சுப் பாப்பாரு. நெரநெரன்னா வாயே தொறக்க மாட்டாரு, மாட்டைப் பாத்து ஒரு கை காட்டுவாரு, இன்னும் சுத்தணும். அந்தப் பொறுமை உன் டெண்டர்ல எந்தக் கட்டத்துல வருது? மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள பணத்தை முடிக்கணும்பாங்க, கடுக்காய்க்கு மார்ச் தெரியாது.

பாண்டிச்சேரியில கடற்கரையோரமா மேரி கட்டடம்னு பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி ஆபீசு. ஊருக்கே அது மேல ஆசை, மேல அரசங்கன்னு முளைச்சா புடுங்க மட்டும் ஆளில்ல. 2014 நவம்பர் மழையில பொலபொலன்னு சரிஞ்சு உக்காந்துருச்சு. அப்பறம் அதே அச்சுல புதுசாக் கட்டி 2021ல திறந்தாங்க. அழகாத்தான் இருக்காம். பழசு பழசுதான், அச்சு அச்சுதான். உன் கட்டடத்து ஈசானி மூலையிலயும் ஒரு அரசங்கன்னு தலையாட்டுது, மனு, மாடல் எல்லாம் அப்பறம், முதல்ல வேரோட அதுக்கு ஒரு வழி பண்ணு.

மதுரைக்குப் போனியானா ரெண்டைப் பாரு. தமுக்கத்துல ராணி மங்கம்மா அரண்மனை. ராணிக்கு அப்பறம் வெள்ளைக்காரக் கலெக்டருங்க இருந்தாங்க, பின்னால சர்க்காரு அதைக் காந்தி மியூசியத்துக்குக் குடுத்துச்சு, 1959ல நேரு வந்து திறந்தாரு. ரத்தக்கறை படிஞ்ச காந்தி வேட்டி அங்கதான் இருக்கு. பள்ளிக்கூடப் புள்ளைங்க வரிசையா வந்துக்கிட்டே இருக்கும், அதான் அந்த எடம் தெளிவா இருக்கு. இன்னொண்ணு திருமலை நாயக்கர் மஹால். 1970 வரைக்கும் அதுக்குள்ள ஜில்லா கோர்ட்டு நடந்துச்சு. நாயக்கரு நாட்டியம் பாத்த எடத்துல வாய்தா கேட்டு நின்னவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேரு! இப்ப ராத்திரியில ஒலியும் ஒளியும். கலருகலரா வெளிச்சம் விழுகுது, தூணு பாவம், நிக்குது.

சிங்கப்பூரையும் சொல்லத்தான் வேணும்னா ஒண்ணே ஒண்ணு சொல்லு. அங்க 1827ல ஒரு வியாபாரி வீடு கட்டினான், குடியே போகல. கோர்ட்டுக்கு வாடகைக்கு விட்டான். பின்னாடி பாராளுமன்றம் ஆச்சு. புதுப் பாராளுமன்றம் கட்டினதும் 2004ல பழசைக் கலைக்கூடமா ஆக்கிட்டாங்க. ஆபீசருகிட்ட இதைச் சொன்னா சிரிப்பாரு, சிரிச்ச கையோட கையெழுத்தை வாங்கிரு. கோவா பனாஜியில பழைய மெடிக்கல் காலேஜ் சினிமா விழாவுக்கு ஆச்சு, கொச்சியில பழைய மிளகு வியாபாரக் கிட்டங்கி பூரா 2012லிருந்து சித்திரத் திருவிழா. அதெல்லாம் பெரிய எடத்துப் பணம், வருசத்துக்கோ ரெண்டு வருசத்துக்கோ ஒருக்கா கூட்டம். மிச்ச நாள்ல யாரு கூட்டுறதுன்னு கேட்டுட்டு வா, அது நமக்கு ஒதவும்.

மனுவுல எழுதறதுக்கு முன்ன எடம் யாரு பேர்ல இருக்குன்னு பாத்தியா? வருவாய்த்துறையா, பொதுப்பணித்துறையா, பேரூராட்சியா? மூணு பேரும் எங்களுதுன்னா நல்ல சகுனம். மூணு பேரும் எங்களுதில்லைன்னா அதை விட நல்ல சகுனம்னு நெனைக்காத, அப்பத்தான் ஒரு பயலும் கையெழுத்துப் போடமாட்டான். பாரம்பரியக் கட்டடத்துக்கு ஆணையம் வேணும்னு சட்டசபையில 2012ல சட்டம் போட்டாங்க. அது நடைமுறைக்கு வந்தது 2024ல. சட்டமே பன்னெண்டு வருசம் திண்ணையில உக்காந்திருந்துச்சுன்னா, உன் மனு ரெண்டு மாசம் உக்காந்தா நீ மொகத்தைத் தொங்கப் போடலாமா?

அப்பறம் காசு. கட்டுற காசை விடு, அது எப்படியும் வரும். எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி, மில்லுக்காரங்க தரும நிதி. வராத காசு எதுன்னா கரண்டு பில்லு, தொடைப்பம், பினாயிலு, செப்டிக் டேங்க் லாரி, ஒடைஞ்ச ஓடு. அதுக்கு ஒரு வரும்படி இப்பவே எழுதி வை. திண்ணையில வடைக்காரம்மாகிட்ட நியாயமா ஒரு வாடகை வாங்கு, மனு எழுதறவருகிட்ட கொஞ்சம் வாங்கு, கம்ப்யூட்டர்காரங்ககிட்ட கூடவே வாங்கு, அவங்க ஒரு காப்பிக்குக் குடுக்கிறதைக் கேட்டாலே எனக்கு மயக்கம் வருது. நாடகக்காரங்களுக்கும் படிக்கிற புள்ளைங்களுக்கும் சும்மா குடு. வாசப்பக்கம் பெரிய பலகை ஒண்ணு மாட்டி இந்த ஊரு புகையிலை வெளைஞ்ச ஊருன்னு எழுது. 1948லயே அதுக்கு ஆராய்ச்சி நிலையம் வந்த ஊரு இது. எந்தத் துரை வந்து எந்த நாற்காலியில உக்காந்தான்னு எழுதறதை விட, எலையைப் பாடம் பண்ணின கை யாருதுன்னு எழுது. படிச்சுட்டுப் போறவன் தும்மிக்கிட்டாவது போவான்.

கடைசியா சாவி. ஆபீசுல குடுத்தா சனி, ஞாயிறு திறக்காது. கமிட்டி போட்டா ஏழு சாவி அடிப்பாங்க, ஏழும் காணாமப் போகும். கட்சிக்காரன்கிட்ட குடுத்தா அவன் மச்சினன் கல்யாண வரவேற்பு முதல் நிகழ்ச்சி. ஊர்ல பல்லும் நாக்கும் கெட்டியா இருக்கிற ஒரு ஆளு, காலையில ஆறு மணிக்கு எந்திரிக்கிறவன், ஒளிஞ்சு பீடி குடிக்கிற பயலுகளை வாசம் புடிச்சே கண்டுபுடிக்கிறவன் வேணும். அப்படி ஒருத்தன் இருக்கான், பேரை நானே சொன்னா நல்லா இருக்காது. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குவான், அதுக்குக் கயித்துக்கட்டில் ஒண்ணை உன் படத்துல வரைஞ்சுக்க, கித்தார்க்காரனைக் கொஞ்சம் தள்ளி உக்கார வை. வேலைக்கு வாட்ச்மேன்னு பேரு வைக்காத, உங்க அப்பத்தா விடமாட்டா. இங்கிலீசுல கன்சல்டன்ட்னு ஏதாச்சும் போடு. சம்பளத்தை என் கையில குடு, அவ காதுல பாதியை மட்டும் சொல்லு.